புதிதாக வந்த பூனையும் ருவைஸ் வெயிலும்

ருவைஸுக்கு வந்து குடியேறும் எமது குடும்பங்களில் பிள்ளைகளுக்கு முதற் சிநேகிதமாக அமைவது அநேகமாக ஒரு பூனைதான். குடியிருப்பின் குப்பைத் தொட்டியடியிலும், நிழலில் நிற்கும் கார்களின் கீழும் படுத்துக் கிடக்கும் பூனைகளோடு பேசப் பாஷை தேவையில்லை. பள்ளிக்கூட பஸ்ஸால் இறங்கும் பிள்ளை இரண்டு நாள் தள்ளி நின்று பார்க்கும். மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பெட்டியில் மிஞ்சியதைப் போடும். ஒரு கிழமைக்குள் "அம்மா, இதை நாங்கள் வளர்ப்போமா?" என்று கேட்கும். எமது வீட்டிலும் இப்படித்தான் கேட்கப்பட்டது. நாமும் ஓம் என்றோம். அதன் பின்னர் கேட்டறிந்தவற்றையும், பிழைவிட்டுப் படித்தவற்றையும் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்காக இங்கு எழுதுகிறோம்.

ஊரில் பூனைக்கென்று யாரும் எதுவும் வாங்கியதில்லை. குசினிக் கதவடியில் ஒரு சிரட்டை, அதில் மிஞ்சிய சோறும் மீன் தலையும். மிச்சத்தை எல்லாம் வளவு பார்த்துக்கொண்டது. எலியும் ஓணானும் அங்கே இருந்தன. மலசலம் கழிக்க மாமரத்தடி மண் இருந்தது. நகம் தீட்டப் பலாமரம், வெயிலுக்குத் திண்ணை. ருவைஸில் எமக்கு வளவு இல்லை. அபுதாபி நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 240 கிலோமீற்றர் தொலைவில், 1980களின் தொடக்கத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையோடு வளர்ந்த ஊர் இது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பாலை. கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். வளவு செய்த வேலையை இங்கே நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். கடையில் வாங்கும் பொருட்கள் எல்லாம் அதற்குத்தான்.

பொருள் வாங்க முன்னர் வீட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இங்கு பெரும்பாலான வீடுகள் வேலை தந்த நிறுவனத்தோடு சேர்ந்தவை. பிராணி வளர்க்க அனுமதி உண்டா என்பதை வாய்ப்பேச்சாகக் கேளாமல் எழுத்தில் கேளுங்கள். பூனையோடு பிள்ளை ஒட்டிய பிறகு அனுமதி இல்லை என்று தெரிய வந்தால் அந்த அழுகையை ஆற்றுவது பெரும் பாடு.

தெருவில் நாம் காணும் பூனைகளை எளியதாக எண்ண வேண்டாம். குட்டை மயிரும் நீண்ட கால்களும் பெரிய காதுகளும் கொண்ட இவை இந்த மண்ணுக்கே உரியவை. அரேபிய மவ் என்ற பெயரில் 2008 இல் உலகப் பூனைக் கூட்டமைப்பு இவற்றைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. நீள மயிர்ப் பாரசீகப் பூனையை விட இவற்றுக்கு வெப்பம் தாங்கும் சக்தி அதிகம், பராமரிப்பும் குறைவு. ஆனால் ஊருக்கு வெளியே பாலையில் குட்டி எதையும் கண்டால் தூக்கி வராதீர்கள். ருவைஸ் அடங்கிய அல் தஃப்ரா பகுதியில் மணற்பூனை என்ற காட்டுப்பூனை வாழ்கிறது. அது வளர்ப்புக்கு உரியது அல்ல.

முதலில் வாங்க வேண்டியது காவிச் செல்லும் கூடு. பலர் இதைக் கடைசியில்தான் வாங்குகிறார்கள். காட்போட் பெட்டியில் காரில் கொண்டுபோன பூனை நெடுஞ்சாலையில் பெட்டியைக் கிழித்துக்கொண்டு சாரதியின் காலடியில் புகுந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. பாரமில்லாத, ஆனால் உறுதியான பிளாஸ்ரிக் கூடு போதும். மேல்மூடியும் கழன்று வருவதாக இருந்தால் வைத்தியரிடம் பூனையை வெளியே இழுக்காமலே காட்டலாம். வீட்டில் அதன் கதவைத் திறந்து, பழைய சாரம் ஒன்றை விரித்து ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். அது படுக்கையாகவும் ஆகிவிடும்.

அடுத்தது மண் தட்டு. பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமான தட்டு வேண்டும். கடைகளில் லிற்றர் என்று கேட்டால் பூனை மண் தருவார்கள். சிறுநீர் பட்டதும் கட்டியாகும் களிமண் வகை நல்லது, கட்டியை மட்டும் அள்ளி எறியலாம். ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போடுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத சிறு குட்டி மண்ணைத் தின்னப் பார்க்கும், அதற்குக் கட்டியாகாத வகையே பாதுகாப்பு. வெளியில் இவ்வளவு மணல் இருக்கக் காசு கொடுத்து மண் வாங்குவதா என்று சிரித்தவர்களில் நாமும் ஒருவர். பாலை மணலை அள்ளி வந்து இரண்டு நாள் வைத்துப் பார்த்தோம். மணல் சிறுநீரைக் கட்டியாக்கவில்லை, கீழே இறங்கித் தேங்கியது. குளிரூட்டிக்காகப் பூட்டிய வீட்டில் அந்த மணத்தோடு இருக்க முடியவில்லை. தவிர, அந்த மணலில் தெருப்பூனைகள் என்ன விட்டுப் போயின என்பது யாருக்குத் தெரியும்?

மண் தட்டை ஒவ்வொரு நாளும் துப்பரவு செய்ய வேண்டும். பூனையின் மலத்தில் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை இருக்கக்கூடும். அது வெளியே வந்து ஒரு நாளாவது கடந்த பின்னரே தொற்றும் நிலைக்கு வருகிறது. ஆகவே அன்றாடம் அள்ளினால் ஆபத்து மிகக் குறைவு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறு ஒருவர் செய்யட்டும். பூனையையே துரத்த வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதற்குத் தேவையில்லை.

தட்டைக் கழுவச் சவர்க்காரமும் சுடுநீரும் போதும். டெற்றோல் போன்ற கிருமிநாசினிகள் வேண்டாம். தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும் இவ்வகைத் திரவங்களில் உள்ள பொருளைப் பூனையின் ஈரலால் உடைக்க முடியாது. காலில் ஒட்டியதை நக்கியே அது நோயாகிவிடும்.

தண்ணீருக்கும் உணவுக்கும் பீங்கான் அல்லது எவர்சில்வர்க் கிண்ணங்கள் வாங்குங்கள். தண்ணீர்க் கிண்ணம் இரண்டு இடங்களில் இருக்கட்டும், மண் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். நகம் தீட்ட ஒரு கட்டை வேண்டும். கயிறு சுற்றிய மரக்கட்டையை நாமே செய்யலாம், பூனை நிமிர்ந்து நீளும் உயரம் இருந்தால் சரி. அது இல்லாத வீட்டில் சோபாதான் பலாமரம். விளையாட்டுப் பொருளுக்குச் செலவு செய்ய வேண்டாம், கசக்கிய கடதாசி போதும். நூல், ஊசி, தலைமயிர் றப்பர் ஆகியவற்றை எடுத்து வையுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும். மாடி வீடானால் யன்னலுக்கும் பல்கணிக்கும் வலை அடியுங்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும் என்பார்கள். நிற்கும்தான், கால் முறிந்த நிலையிலும்.

உணவு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எமது சமையலுக்கும் பூனையின் உடலுக்கும் ஒத்து வராது. பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. ரோறின் என்ற சத்தை அது இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும் என்று 1970களில் அறிந்தார்கள், இருதயமும் பெருத்துப் பலவீனமாகும் என்று 1987 இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஊர்ப் பூனை சோறு தின்று வாழ்ந்ததே என்று கேட்கலாம். அது எலி தின்று வாழ்ந்தது, சோறு மேலதிகம். மாடி வீட்டில் எலி இல்லை. ஆகவே பூனைக்கென்று செய்த உணவை வாங்குவதே நல்லது. குட்டிகளுக்கு உரியது என்று அச்சிட்ட உணவை ஒரு வயது வரை கொடுங்கள், நாளுக்கு மூன்று நான்கு தடவை. வளர்ந்த பின் இரு தடவை. இடைக்கிடை அவித்த கோழியிறைச்சி கொடுக்கலாம், உப்பும் எலும்பும் இல்லாமல். கறிச்சட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கவே வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. சம்பலும் குழம்பும் எல்லாம் வெங்காயம்தானே. பசும்பாலும் வேண்டாம், பெரும்பாலான பூனைகளுக்கு வயிற்றாலே போகும். பாலுக்கும் பூனைக்கும் உள்ள பந்தம் கதைகளில் மட்டும் இருக்கட்டும்.

இனி எமது பிழையைச் சொல்கிறோம். முதலில் வந்த குட்டிக்கு ஒரு நாள் மாலை காய்ச்சல் போல இருந்தது. காது சுட்டது, சாப்பிடவில்லை. வைத்தியரிடம் நாளைக்குப் போவோம் என்று எண்ணி, பிள்ளைக்குக் கொடுப்பது போலப் பனடோல் குளிசையில் கால்வாசியைத் தேனில் கரைத்து ஊட்டினோம். எம் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் தேடுவது அதைத்தானே. சில மணித்தியாலத்தில் குட்டிக்கு மூச்சு வாங்கியது. முகமும் பாதங்களும் வீங்கின. முரசு கபில நிறமாக மாறியது. விடியுமுன் செத்துவிட்டது. பின்னர் மிருக வைத்தியர் விளக்கினார். பரசிற்றமோலைப் பாதுகாப்பாக உடைக்கும் சக்தி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அதனால் அதன் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமற் போகிறது. உடனே கொண்டு போனால் மாற்று மருந்து உண்டு. மனிதருக்கான ஒரு குளிசை வளர்ந்த பூனையையே கொல்லப் போதுமானது. எமது மகள் அதைப் பற்றி நெடுநாள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

ஆகவே மனிதருக்கான எந்த மருந்தும் வேண்டாம். நாய்க்கான தெள்ளு மருந்தும் வேண்டாம், அதில் பெர்மெத்திரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். பூச்செண்டுகளில் வரும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகும். வளைகுடா நாடுகளில் தெருவோரம் அழகுக்கு நிற்கும் அலரியை எமக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அலரி விதை செய்த வேலையை மறந்தவர் யார்? இங்குள்ளது செவ்வலரி. அதுவும் நஞ்சுதான்.

பூனை வந்த முதற் கிழமைக்குள் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். எந்த வைத்தியர் எந்நேரம் இருப்பார், இரவில் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பதை முன்னரே விசாரித்து எழுதி வையுங்கள். பெரிய சிகிச்சைக்கு அபுதாபி வரை ஓட நேரலாம், அது இரண்டரை மணித்தியாலப் பயணம். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறு வாரம் வரை போடுவார்கள். விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாதத்தில். பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும். ஐந்து ஆறு மாதத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பது நல்லது. பெட்டைப் பூனை ஆறு மாதத்திலேயே சினைப்படலாம், ஒன்பது வாரத்தில் குட்டி போடும். பிறகு அந்தக் குட்டிகளுக்கு வீடு தேடி நாம் கதவு கதவாகத் தட்ட வேண்டும்.

இரண்டு அடையாளங்களை மட்டும் நினைவில் வையுங்கள். கடுவன் பூனை மண் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கியும் சிறுநீர் போகாவிட்டால் அது அடைப்பு, அன்றைக்கே கொண்டு போக வேண்டும். எந்தப் பூனையும் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறத் தொடங்கும். நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சு வேண்டாம்.

யூலை, ஓகஸ்ற் விடுமுறையில் குடும்பங்கள் ஊருக்கும் கனடாவுக்கும் போகின்றன. மின்கட்டணத்தை எண்ணிக் குளிரூட்டியை நிறுத்திவிட்டு, ஒரு வாளி தண்ணீரும் ஒரு பை உணவும் வைத்து, பூனையைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. பூட்டிய வீடு அடுப்பாகிவிடும். அயல்வீட்டாரிடம் திறப்பைக் கொடுத்து நாளுக்கு ஒரு தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள், குளிரூட்டி ஓடட்டும். அவர்களின் விடுமுறையில் நீங்கள் பாருங்கள். இப்படி மாறி மாறிச் செய்ததில்தான் எமக்கு ஒரு மலையாளக் குடும்பமும் ஒரு எகிப்தியக் குடும்பமும் சிநேகமானார்கள். இஸ்லாத்தில் பூனை சுத்தமான பிராணியாக மதிக்கப்படுவதால் அராபிய அயலவர்கள் பலர் மனமுவந்து உதவுவார்கள்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். எமிரேற்சில் 2007 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் விலங்குகளின் நலனுக்கானது. அபுதாபியில் 2025 பெப்ரவரி முதல் பூனை, நாய்களைப் பதிவு செய்யும் முறை வந்துள்ளது. பூனையின் தோலடியில் அரிசி மணியளவான சிப் ஒன்றை வைத்து, மிருக வைத்திய நிலையத்தின் மூலம் பதிவார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எம்மில் பலர் மாட்டை அவிழ்த்துவிட்டும், நாயையும் பூனையையும் படலையடியில் விட்டும் வந்தவர்கள். அன்று கையில் பிள்ளைகளைக் கொண்டுவரவே நேரம் காணாது. இங்கு நிலைமை வேறு. விசா முடியும் திகதி முன்னரே தெரிகிறது. வேலை முடிந்த குடும்பம் போன மறுநாள் அதே கதவடியில் வந்து கத்தும் பூனையை நாம் இரண்டு தடவை கண்டிருக்கிறோம். வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் தண்ணீர் எங்கே என்றும் தெரியாது.

கொண்டு போக முடியும். ஐக்கிய இராச்சியத்துக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் முதலில் சிப், அதன் பின்னரே விசர்நாய்க்கடி ஊசி, ஊசி போட்டு 21 நாள் கழிய வேண்டும். வரிசை மாறினால் ஊசியைத் திரும்பப் போடச் சொல்வார்கள். கனடாவுக்கு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பூனையானால் அந்த ஊசியின் சான்றிதழ் கேட்பார்கள். அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ணுக்கு அருகே மிக்கில்ஹாமில் தனிமைப்படுத்தி வைப்பார்கள், அதற்கான ஆயத்தம் பல மாதம் எடுக்கும். இலங்கைக்குக் கொண்டு போவதானால் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி பெற வேண்டும், அதைக் கொடுப்பது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம். விதிகள் மாறுவதால் புறப்பட மூன்று மாதத்துக்கு முன்னரே அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் கேளுங்கள். கொண்டு போக வசதி இல்லையென்றால் அதே மூன்று மாதத்தில் வேறு வீடு பார்த்து, பதிவையும் அவர்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது எம்மோடிருப்பது இரண்டாவது பூனை, சாம்பல் நிறக் கடுவன். அதன் ஊசிப் புத்தகத்தை எமது கடவுச்சீட்டுகள் இருக்கும் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறோம். சிப் இலக்கத்தை முதற் பக்கத்தில் மகள் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.