எந்த ஒளியில் எடுத்த படம்?

டீ வரட்டும், நிதானமாகவே பேசலாம். யாரும் போய்ப் பார்க்க முடியாத ஒரு விண்மீன் திரளில் எது இளசு, எது முதிர்ந்தது, எங்கே தூசு, எங்கே வாயு என்று எப்படிச் சொல்கிறார்கள்? நம்மிடம் வந்து சேர்வது ஒளி மட்டும்தான். ஆனால் அந்த ஒளியில் பல வகை உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சேதி சொல்லும்.

கார்த்திகையில் மழை விட்ட, நிலா இல்லாத முன்னிரவில் பிச்சாவரம் பக்கம் போய், உச்சியிலிருந்து சற்று வடக்கே சரிந்த வானத்தைப் பாருங்கள். மங்கலாக ஒரு திட்டு தெரியும். அதுதான் ஆண்ட்ரோமீடா திரள். அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வெறும் கண்ணுக்குத் தெரிவது அதன் நடுப்பகுதி, பெரும்பாலும் வயதான விண்மீன்களின் கூட்டம்.

இப்போது இந்த டீக்கடை பாய்லர் பக்கம் கையை நீட்டுங்கள். வெளிச்சம் எதுவும் இல்லை, ஆனாலும் அனல் அடிக்கிறது. கண்ணுக்குப் படாமல் கைக்குப் படுவது அகச்சிவப்பு ஒளி. திரளில் உள்ள தூசும் இப்படித்தான். விண்மீன் ஒளியை விழுங்கி, சுமார் மைனஸ் 250 டிகிரி குளிரிலேயே, அதை அகச்சிவப்பாகத் திருப்பி விடுகிறது. அந்த ஒளியில் ஆண்ட்ரோமீடாவைப் படமெடுத்தால் திட்டு போய், தூசு வளையங்கள் எழுந்து நிற்கும்.

புற ஊதா வேறு கதை சொல்லும். அதை அதிகம் வீசுபவை பெருத்த நீல விண்மீன்கள். அவை சீக்கிரமே எரிந்து தீர்பவை. ஆக, புற ஊதா பளிச்சென்று தெரியும் இடத்தில் அண்மையில்தான் பிறப்பு நடந்திருக்கிறது. எக்ஸ் கதிர் தெரிந்தால், பல லட்சம் டிகிரி கொதிக்கும் வாயு அங்கே இருக்கிறது என்று பொருள்.

ரேடியோ அலைக்கு வருவோம். பிச்சாவரத்துக்குப் பக்கத்திலுள்ள சிதம்பரமும், நீலகிரியின் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 11.4 டிகிரி வடக்கில் இருக்கின்றன. அந்த 11 டிகிரிதான் ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கியின் உயிர்நாடி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் குழு, அதே அளவு சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட கருவியை 1970இல் நிறுவியது. சரிவும் அட்சரேகையும் ஒன்றானதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. கருவியை மெல்லச் சுழற்றினாலே போதும், ஒரே திரளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். காந்தப்புலத்தில் ஏறத்தாழ ஒளிவேகத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் விடும் அலைகள் அதற்கு எட்டும். தூரத்துத் திரள்களை நிலா மறைக்கும் நேரத்தில் சிக்னல் எப்படிக் குறைகிறது என்று பார்த்து, அவற்றின் அளவையே கணித்தார்கள்.

புற ஊதாவில் பெரும்பகுதியைக் காற்று மண்டலம் தடுத்துவிடும். அதனால்தான் 2015இல் இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட் மேலே போனது. 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு திரளின் தீவிர புற ஊதாவை அது பிடித்ததாக, புனே வானியலாளர் கனக் சாஹா தலைமையிலான குழு 2020இல் அறிவித்தது. சுமார் 60 நானோமீட்டர் அலைநீளத்தில் கிளம்பிய ஒளி, பிரபஞ்சம் விரிந்ததால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு நீண்டு வந்து சேர்ந்தது. பொதுவாக இவ்வகை ஒளியை அந்தத் திரளின் ஹைட்ரஜனே விழுங்கிவிடும். தப்பி வந்தது என்றால் வாயுவில் எங்கோ இடைவெளி இருக்கிறது. ஆதிப் பிரபஞ்சத்தின் ஹைட்ரஜன் எப்படி எலக்ட்ரானை இழந்தது என்பதற்கு அது ஒரு துப்பு.

ஆகவே அடுத்த முறை வண்ணமயமான திரள் படம் ஒன்று கண்ணில் பட்டால், முதலில் எந்த ஒளியில் எடுத்தது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு நிறம் கொடுப்பது நாம்தான். எந்த ஒளி என்று தெரிந்தால் மட்டுமே, படத்தில் சிவப்பாக இருப்பது தூசா, முதிய விண்மீனா, ரேடியோ அலையா என்று சொல்ல முடியும்.