எலும்பை எப்படி நீளமாக வளர்க்கிறார்கள்?

விபத்தில் நொறுங்கிக் குட்டையாகிப்போன கால் எலும்பை மறுபடி நீளமாக்க முடியுமா? முடியும். சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களில் மருத்துவர் இலிசாரோவ் இதற்கு வழி கண்டார். மெல்லிய கம்பிகளை எலும்பின் குறுக்கே செருகி, காலைச் சுற்றிய வளையங்களில் இறுக்கிவிட்டு, எலும்பை வெட்டுவார்கள். சில நாள் பொறுத்து, மரையைத் திருகி இடைவெளியை விரிப்பார்கள்: ஒரு தடவைக்கு கால் மில்லிமீட்டர், நாளுக்கு நான்கு தடவை.

ஏன் இந்த நிதானம்? வேகமாக இழுத்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு நிரம்பும், நரம்பும் தாங்காது. மிக மெதுவாக இழுத்தால் எலும்பு முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும். அளவான இழுப்புதான் புது ரத்தக்குழாய்களையும் எலும்புச் செல்களையும் அங்கே வளரவைக்கிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நோயாளி படுத்தே கிடக்கக் கூடாது. வளையத்தோடு காலை ஊன்றி நடக்க வேண்டும். எடை விழ விழத்தான் புது எலும்பு உறுதிப்படும். கம்பி நுழையும் இடங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் அவர் கையில்தான். அங்கேதான் சீழ் பிடிக்கும்.