நிலைப்படியில் இடிக்கும் கால்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையான மயலினைத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். பெண்களையே அதிகம் பாதிக்கிறது. உறை சிதைந்த இடத்தில் நரம்புச் செய்தி தாமதமாகும், சில நேரம் நின்றே போகும். முன்பாதத்தைத் தூக்கும் தசைக்குக் கட்டளை முழுதாகப் போய்ச் சேராததால் கால்விரல் நிலைப்படியில் இடிக்கிறது. பாதம் மரத்துப்போனவருக்கு ரப்பர் செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. நாலடி தள்ளிப்போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். தள்ளாடும் நடையைக் குடிபோதை என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் அக்கம்பக்கத்தார் பேசுவது நோயைவிடக் கொடுமை.

நெய்வேலி போன்ற ஊர்களின் கத்திரி வெயில் இவர்களுக்குத் தனிச் சோதனை. உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே உறை இழந்த நரம்பு மேலும் தடுமாறும். இதை 1890-ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உத்தாஃப் பதிவு செய்தார். விடியற்காலையில் குடியிருப்பு வட்டத்துக்குள் மரநிழலில் சிரமமின்றி நடந்தவர், மே மாத நண்பகலில் கடைத்தெருவிலிருந்து வீடு திரும்பக் கால் வராமல் நிற்கக்கூடும். உடல் குளிர்ந்ததும் இது சரியாகிவிடும். நோய் முற்றிவிட்டதென்று கலங்க வேண்டியதில்லை. காய்ச்சல் எதுவும் இல்லாமல் தடுமாற்றம் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

நடைத்திறனை அளக்க 25 அடி தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறார் என்று பார்க்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி உட்காரச் சொல்வது இன்னொரு சோதனை. பேசிக்கொண்டே நடக்கும்போது நடை குலைகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். மனம் இரண்டு வேலைக்குப் பிரியும்போதுதான் பலர் விழுகிறார்கள்.

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்றே மாதத்தில் இந்நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் ஒருமுறையாவது விழுந்திருந்தார்கள். பல விபத்துகள் வீட்டுக்குள்தான் நடக்கின்றன: ஈரக் குளியலறை, இருட்டில் சிறுநீர் அவசரம், சட்டென்று திரும்புதல். நடமாட்டம் குறைவதாலும் ஸ்டீராய்டு மருந்தாலும் எலும்பு மெலிந்திருந்தால் சிறு வீழ்ச்சியே முறிவாகும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் படுக்கையோடு ஒதுங்கினால் தசை இன்னும் வலுவிழக்கும். சமநிலைப் பயிற்சி, பின்பட்டை வைத்த செருப்பு, தொங்கும் பாதத்தைத் தாங்கும் பட்டை, குளியலறைச் சுவரில் கைப்பிடி ஆகியவை உதவும். ஊன்றுகோல் பிடிப்பதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் இந்நோயும் ஒன்று; ஒளித்து வைக்க இதில் எதுவும் இல்லை. தடுக்கி விழுந்ததை வீட்டாரிடம் மறைப்பவர்கள் அதை மருத்துவரிடமாவது மறைக்காமல் சொல்ல வேண்டும்.