ஐரோப்பியக் காரும் அதற்குரிய குளிர்விப்பு நீரும்

திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், திருகோணமலை மாவட்டத்தின் தென் எல்லையில் உள்ள ஊர் வெருகல். மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு அங்கே கடலை நாடிச் செல்கின்றது. சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் ஆண்டுத் திருவிழாக் காலத்தில் பல ஊர் வாகனங்களும் அங்கு வந்து சேரும். நெரிசலில் ஊர்ந்து வந்த கார் ஒன்று ஓரமாக நிற்பதும், பொனற்றின் கீழிருந்து ஆவி கிளம்புவதும், சாரதி வாளியுடன் கிணற்றைத் தேடிச் செல்வதும் இத்தகைய வழிகளில் காணக்கூடிய காட்சிகளே. அந்த ஒரு வாளித் தண்ணீர் காரைக் காக்கின்றதா, கெடுக்கின்றதா என்பது சிந்திக்கத்தக்கது.

1950களில் இலங்கைத் தெருக்களில் ஓடிய ஒஸ்டின், மொரிஸ் முதலிய ஆங்கிலேயக் கார்களுக்கு அது பெருங்கேடு செய்யவில்லை. அவற்றின் இயந்திரம் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. சிறிது துரு ஏறும். ரேடியேற்றரை அவ்வப்போது கழுவிவிட்டால் போதும். அக்காலத்து வொக்ஸ்வாகன் ‘வண்டு’க் காருக்கோ தண்ணீரே வேண்டியிருக்கவில்லை; காற்றே அதனைக் குளிர்வித்தது. இவ்வகையில் அதன் சொந்தக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்!

இன்றைய ஐரோப்பியக் கார்களின் நிலை வேறு. இயந்திரத்தின் தலைப்பகுதியும் ரேடியேற்றரும் அலுமினியம். பல கார்களில் இயந்திரத்தின் அடிப்பகுதியும் அதுவே. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு. கரையோரக் கிணறுகள் பலவற்றில் காணப்படும் உப்பு அப்படலத்தைத் துளைத்து, உலோகத்தில் ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்கும். நீரின் கடினத்தன்மையோ, சூடேறும் இடங்களில் சுண்ணாம்புப் படிவாகத் தங்கி, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்த நீரே சுமந்து செல்ல வேண்டும் என்பதை எண்ணினால், அந்தப் படிவின் தீமை விளங்கும்.

‘கூலன்ட்’ எனப்படும் குளிர்விப்புத் திரவம் பனி விழும் நாடுகளுக்கு உரியது, வெருகல் வெயிலுக்கு அது எதற்கு என்று கேட்போர் உண்டு. அதில் உள்ள எதிலீன் கிளைக்கோல், நீர் உறைவதைத் தடுப்பது உண்மையே. ஆனால் அதுவே கொதிநிலையையும் உயர்த்துகின்றது. சாதாரண நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். இறுக மூடிய ரேடியேற்றரின் அழுத்தத்தில் அது 120 பாகை வரை தாங்கும். சரிபாதி கிளைக்கோல் கலந்தாலோ 130 பாகையை நெருங்கும். இவற்றினும் முக்கியமானது, அரிப்பைத் தடுக்கும் மருந்துப் பொருள்கள் அதில் சேர்ந்திருப்பதாகும். வெப்ப நாட்டவர் கூலன்டுக்குப் பணம் கொடுப்பது முதன்மையாக இதற்காகவே எனலாம்.

அம்மருந்துப் பொருள்களிலேதான் சிக்கலும் உள்ளது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் நீர் கடினமானது. பொசுபேற்று கடின நீரில் உள்ள கல்சியத்துடன் சேர்ந்து படிவாகும் என்பதால், அந்நாட்டு உற்பத்தியாளர் நெடுங்காலம் அதனை ஒதுக்கி, சிலிக்கேற்றையும் கரிம அமிலங்களையும் கைக்கொண்டனர். யப்பானியரோ, சிலிக்கேற்று தண்ணீர்ப் பம்பின் அடைப்பைத் தேய்க்கும் என அஞ்சி, பொசுபேற்றை விரும்பினர். இலங்கையில் யப்பானியக் கார்களே மிகுதி. ஆகவே கடைக்காரர் முதலில் எடுத்துத் தரும் போத்தல் பெரும்பாலும் அவற்றுக்கு உரியதாகவே இருக்கும். நல்ல சரக்காயினும் அது பென்சுக்கோ பீஜோவுக்கோ பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை.

நிறத்தை நம்புவது அடுத்த பிழை. நிறம் என்பது சாயம் மட்டுமே. உலகெங்கும் பொதுவான விதி எதுவும் அதற்கில்லை. வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் வரலாறே இதற்குச் சான்று. அதன் பழைய ஜி 11 நீலப்பச்சை. 1990களில் வந்த ஜி 12 சிவப்பு. இவ்விரண்டும் கலந்தால் மருந்துகள் ஒன்றையொன்று முறித்து, திரவம் மண்ணிறமாகிக் குழம்பும். பின்னர் வந்த ஊதா நிற வகைகள் கலப்பைத் தாங்குமாறு ஆக்கப்பட்டன. இவ்வளவுக்கும், கடையில் உள்ள வேறொரு சிவப்புத் திரவம் ஜி 12 ஆகவே இருக்க வேண்டியதில்லை.

எனவே தேட வேண்டியது எண்ணையே. காரின் கைந்நூலில் வொக்ஸ்வாகனுக்கு டி.எல். 774 என்ற எண்ணும் அதனைத் தொடரும் எழுத்தும், பென்சுக்கு 325 எனத் தொடங்கும் எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். அதே குறி போத்தலின் மேல் இருந்தால் வாங்கலாம். ‘எல்லாக் கார்களுக்கும் ஏற்றது’ என்ற வாசகம் அக்குறிக்கு ஈடாகாது. செறிந்த திரவமாயின் காய்ச்சி வடித்த நீருடன் சரிபாதியாகக் கலப்பது வழக்கம். வெப்ப நாடாயினும் கூலன்டின் பங்கு நூற்றுக்கு 40க்குக் குறையலாகாது என்று வொக்ஸ்வாகன் கூறுகின்றது. குறைந்தால் மருந்து போதாது. 60க்கு மேற்பட்டால் வெப்பத்தைச் சுமக்கும் திறன் தளரும். ஏற்கனவே கலந்து விற்கப்படுவதில் மேலும் நீர் சேர்த்தல் கூடாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025இலேதான் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் பலர் பழைய கார்களையே பேணி ஓட்டினர். கைமாறிய இத்தகைய காரில் முன்பு எதை ஊற்றினார்கள் என்று தெரியாவிடில், மேலும் மேலும் நிரப்புவதை விட, முழுவதையும் வடித்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவி, உரியதைப் புதிதாக நிரப்புவதே நன்று. வளைந்துபோன அலுமினியத் தலையைச் சீர்செய்யும் செலவோடு ஒப்பிட்டால், சில லீற்றர் கூலன்டின் விலை பெரிதன்று.

வழியிலே நின்றுவிட்டால் என்ன செய்வது? இயந்திரத்தை நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென நீங்கி, உள்ளிருக்கும் நீர் கணத்தில் கொதித்து முகத்தில் பாயும். ஆறிய பின், காய்ச்சி வடித்த நீரோ, அது கிடையாதபோது போத்தலில் விற்கும் குடிநீரோ ஊற்றி, கராஜ் வரை மெதுவாகச் செல்லலாம். அங்கே கசிவைக் கண்டு அடைத்து, கலவையையும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வடித்தெடுத்த பழைய திரவத்தை வாய்க்காலிலோ ஆற்றங்கரையிலோ கொட்டலாகாது. கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. மாடும் நாயும் அதனை விரும்பிக் குடிக்கும், குழந்தைகளும் அவ்வாறே. மூடியுள்ள கலனில் அடைத்து, பெயர் எழுதி, கைக்கெட்டாத இடத்தில் வைத்து, பின்னர் கராஜில் ஒப்படைத்தல் வேண்டும்.