கன்னிமாராவைக் கூடி வரைவோம்

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா நூலகத்துக்குப் போகிறவர்களில் பலர் புதிய கட்டடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பின்னால் இருக்கும் பழைய மண்டபம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். தேக்கு அலமாரிகள், வண்ணக் கண்ணாடிகள், இலைக்கொடி வேலைப்பாடு என்று எங்கே திரும்பினாலும் கண் நின்றுவிடும். இதைப் புரிந்துகொள்ள ஒரே வழி, உட்கார்ந்து வரைவதுதான் என்பேன்.

எடுத்த எடுப்பில் இலைக்கொடியில் கை வைக்கக் கூடாது. முதலில் கண்மட்டக் கோடு. அதற்கு மேலே உள்ள கிடைக்கோடுகள் தூரம் போகப் போகக் கீழே சரியும். கீழே உள்ளவை மேலே ஏறும். கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடித் தூணின் உயரத்தை அகலத்தோடு ஒப்பிடுங்கள். பக்கவாட்டில் தெரியும் வளைவுதான் எல்லோரையும் படுத்தும். அது அடங்கும் நாற்கட்டத்தை முதலில் போட்டு, மூலைக்கு மூலை கோடு இழுங்கள். அவை வெட்டும் புள்ளியிலிருந்து நேர்மேலே போனால் வளைவின் உச்சி கிடைக்கும். கட்டத்தின் நடுவில் இருப்பதாக நாம் நினைத்த இடத்தில் அது இருக்காது! இப்படி வரையும்போதுதான் கூரையின் பாரம் வளைவு வழியாக இறங்கித் தூணுக்கு வருவது விளங்கும்.

தனியாக வரைவதைவிடக் கூட்டமாக வரைவது மேல். சியாட்டில் பத்திரிகையாளர் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கம் இதை உலகெங்கும் பரப்பியது. புகைப்படம் பார்த்து வரையாமல் இடத்திலேயே வரைய வேண்டும், சேர்ந்து வரைய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. முடிவில் எல்லா நோட்டுகளையும் தரையில் பரப்பிப் பார்ப்பார்கள். ஒருவர் தூணின் தலைப்பைப் பிடித்திருப்பார், ஒருவர் ஜன்னலை, பள்ளிப் பிள்ளை ஒன்று வாசித்துக்கொண்டிருக்கும் தாத்தாவை. ஒற்றை ஆளின் கண்ணுக்கு இத்தனையும் அகப்படாது.

இந்தியாவில் அச்சாகும் நூல்களில் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. அதன் கட்டடத்தையும் நாம் தேதி போட்டுப் பதிந்துவைக்க வேண்டும். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். பழைய மண்டபத்தில் உட்கார முன்கூட்டியே நூலகரிடம் அனுமதி கேளுங்கள். புத்தகங்கள் இருக்கும் இடத்தில் தண்ணீர் வேண்டாம். பென்சில் மட்டும் போதும்.