மலைப்பாதையில் பாரமான மோட்டார்ச் சைக்கிளைத் திருப்புதல்

ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார்ச் சைக்கிளைப் போலச் சொற்கேட்டு நடக்கும் ஊர்தி வேறொன்றில்லை. நிறுத்திய பின்னரே அதன் பாரம் தெரியவரும். காரில் உள்ளது போன்ற றிவேர்ஸ் கியர் அதற்கு இல்லை. நெடுஞ்சாலைக்கென அமைந்த மிகப் பெரிய வண்டிகள் சிலவற்றிலேயே பின்னே செல்லும் வசதி உண்டு. அகன்ற தெருவில் இதனால் இடர் எதுவும் இல்லை. இருக்கையில் அமர்ந்தபடியே கால்களால் உந்தி இரண்டு முழம் பின்னே தள்ளி, வளைத்துக்கொண்டு போய்விடலாம். ஒருபுறம் செங்குத்தான மலைச்சரிவும் மறுபுறம் பள்ளத்தாக்குமாக, வண்டியின் நீளமளவே அகலமுள்ள கரடுமுரடான பாதையொன்றில், முன்னே வழி அடைபட்டுவிட்டால் என் செய்வது? ஏறத்தாழ 250 கிலோகிராம் எடையுள்ள வண்டியை ஒருவர் தனியே நின்று திருப்பியாக வேண்டும். கை தவறினால் வண்டி பள்ளத்திற்குப் போகும். அதனோடு ஆளும் போகக்கூடும்.

இத்துணைப் பாரமான வண்டி மலைப்பாதைக்கு வந்தது எவ்வாறு என்று நேயர்கள் கேட்கலாம். ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1980 ஆம் ஆண்டில் ஆர் 80 ஜி.எஸ். என்னும் வண்டியை வெளியிட்டது. அவ்விரண்டு எழுத்துகளும் 'காட்டுவெளி', 'தெரு' எனப் பொருள்படும் ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துகள். இரண்டிலும் ஓடும் ஒரே வண்டி என்பதே கருத்து. பாரிசிலிருந்து சகாராப் பாலைவனத்தினூடாக டாக்கார் வரை சென்ற ஓட்டப்போட்டி 1978 டிசம்பரில் முதன்முறையாகத் தொடங்கியது. 1981 இல் ஊபேர் ஓரியோல் என்னும் பிரெஞ்சுக்காரர் இவ்வண்டியின் வழிவந்த ஒன்றிலேயே அப்போட்டியை வென்றார். அன்றைய வண்டியின் எடை 200 கிலோகிராமுக்கும் குறைவு. 2018 இல் வந்த ஆர் 1250 ஜி.எஸ். பெற்றோலுடன் 249 கிலோகிராம். அதன் 'அட்வென்சர்' என்னும் மறுவடிவம், 30 லீற்றர் கொள்ளும் தாங்கியுடன் 268 கிலோகிராம். 2023 இல் வந்த ஆர் 1300 ஜி.எஸ். 237 கிலோகிராமாகக் குறைந்தது என்றாலும், இருபுறமும் தகரப்பெட்டிகளும் கூடாரமும் சமையற் கருவிகளும் ஏறியபின் அக்குறைவு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

இத்தகைய வண்டிக்காரர் நாடிச்செல்லும் இடங்களுள் ஒன்று, இத்தாலிக்கும் பிரான்சுக்கும் எல்லையாயமைந்த மேற்கு அல்ப்ஸ் மலைத்தொடர். அங்கே முன்னாளில் இராணுவத் தேவைக்காக வெட்டப்பட்ட பாதைகள் பல இன்றும் மண்ணும் சரளைக்கல்லுமாகவே உள்ளன. 1747 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் நாள் பிரெஞ்சுப் படை பெருந்தோல்வி கண்ட அசியெத்தாக் கணவாய் 2,472 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவ்வழியே செல்வதும் அத்தகைய பாதைதான். கோடை தொடங்கிய பின்னும் இம்மலைகளின் நிழல்விழும் வளைவுகளிலே பனி பாதையை அடைத்துக் கிடப்பதுண்டு. மழையும் உருகிய பனிநீரும் பாதையின் வெளியோரத்தை அரித்துக்கொண்டு போயிருப்பதும் உண்டு. பிரதான பாதை கார் செல்லுமளவு அகன்றிருந்தாலும், அதனின்று பிரியும் வழிகள் விரைவில் ஒடுங்கிவிடும். இவற்றிலேதான் திரும்பும் சிக்கல் எழுகின்றது.

முதலில் எடையைப் பற்றிய ஓர் உண்மையை விளங்கிக்கொள்ள வேண்டும். நேராக நிமிர்ந்து நிற்கும் மோட்டார்ச் சைக்கிளை ஒரு விரலாலேயே தாங்கலாம். அதன் பாரம் முழுவதையும் நிலம் தாங்குகிறது. சாயத் தொடங்கியதும் ஆளின் கைக்குப் பங்கு வருகின்றது. வண்டியின் புவியீர்ப்பு மையம் கைப்பிடியின் உயரத்திற் பாதியளவில் உள்ளதென வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 250 கிலோகிராம் வண்டி ஐந்து பாகை சாயும்போது கைப்பிடியில் தாங்க வேண்டிய பாரம் 11 கிலோகிராம் அளவே. இருபது பாகையில் அது 40 கிலோகிராமைத் தாண்டும். முப்பது பாகையில் 60 கிலோகிராமுக்கு மேல். சறுக்கும் சரளையில் நின்றுகொண்டு அவ்வளவையும் ஏந்தக்கூடியவர் மிகச் சிலரே. ஆகவே பலசாலி திருப்புவான், மெலிந்தவன் திருப்பமாட்டான் என்பது பொருந்தாது. சிறிது தன் பக்கம் சாய்த்து, இடுப்பை இருக்கையோடு அணைத்து, அந்த ஐந்து பாகைக்குள்ளேயே வண்டியை வைத்திருப்பவர் மெலிந்தவராயினும் திருப்பிவிடுவார்.

யாழ்ப்பாணத்து ஒடுங்கிய ஒழுங்கையில் மாட்டுவண்டியைத் திருப்ப நேர்ந்த வண்டிக்காரன் என்ன செய்வான்? மாடுகளை அவிழ்த்துவிட்டு, வேண்டுமானால் மூட்டைகளையும் இறக்கிவிட்டு, வெறும் வண்டியைக் கையாலேயே சுழற்றுவான். பெட்டிகளைக் கழற்றாமலே திருப்ப முயல்வோர் அவனிடம் பாடம் கேட்கலாம். இரு பெட்டிகளையும் கூடாரத்தையும் இறக்கினால் 30 அல்லது 40 கிலோகிராம் குறையும். வண்டியின் அகலமும் குறையும். மற்றுமொரு நன்மையுண்டு. இருக்கையில் அமர்ந்து கால்களால் உந்தும்போது, காலை ஊன்றிய இடத்தைத் தாண்டி வண்டி நகர, பின்னுள்ள பெட்டி கெண்டைக்காலைப் பிடித்து நிலத்தோடு அழுத்திவிடும். காட்டுப்பாதைகளிற் கால் முறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறங்குவதற்கு முன்னரே முடிவு செய்ய வேண்டியது, எங்கே திரும்புவது என்பது. வழி மோசமாகத் தோன்றும்போது "இன்னும் ஒரு வளைவு போய்ப் பார்ப்போம்" என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அந்த ஒரு வளைவை நடந்துபோய்ப் பார்ப்பதே உத்தமம். வண்டியை நிறுத்திவிட்டு நூறு மீற்றர் நடந்தால், வழி உண்டா இல்லையா என்பது தெரியும். திரும்பி வரும்போது மலைப்பக்கம் சற்றே குடைந்திருக்கும் இடமோ, சிற்றருவி இறங்கி மண்ணைப் பரப்பிய இடமோ கண்ணிற்படும். அரை மீற்றர் அகலம் கூடக் கிடைத்தாலும் வேலை பாதியாகிவிடும்.

இனித் திருப்பும் முறை. வண்டியின் முகம் எப்போதும் மலைப்பக்கமாகவே இருக்க வேண்டும். வால் பள்ளத்தின் பக்கம். கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். பள்ளத்தைக் கண்முன் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று மனம் சொல்லும். ஆனால் முகம் பள்ளத்தை நோக்கினால், வண்டியைப் பின்னே இழுக்க ஆளின் கைகளைத் தவிர வேறு துணை இல்லை. முகம் மலையை நோக்கினால், பள்ளத்தினின்று வண்டியை விலக்க எஞ்சினே இருக்கிறது. பின்னே நகர்த்தவோ சரிவே போதும். முன் சில்லை மலைச்சரிவிற் சிறிது ஏற்றி, கைப்பிடியை எதிர்ப்புறம் முழுதும் திருப்பி, மெல்லப் பின்னே உருளவிட வேண்டும். மீண்டும் கைப்பிடியை மாற்றி முன்னே ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டி சில பாகை திரும்பும். ஐந்து முறையில் முடியாதது பத்து முறையில் முடியும்.

பின்னே உருளவிடும்போது முன் பிறேக்கை மாத்திரம் நம்பலாகாது. முகம் உயர்ந்திருப்பதால் எடை பின் சில்லுக்குப் போய்விடும். முன் சில்லு பூட்டிக்கொண்டபடியே சரளையில் வழுக்கும். எஞ்சினை நிறுத்தி, முதலாம் கியரிற் போட்டு, கிளச்சை விட்டுவிட்டால் பின் சில்லை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கிளச்சைச் சிறிது அழுத்தினால் வண்டி சாண் அளவு நகரும், விட்டால் நிற்கும். பின் சில்லு ஓரத்தை அணுகுமுன் நிறுத்த வேண்டும். ஓரத்து மண் பார்வைக்கு உறுதியாகவும் உள்ளே பொள்ளலாகவும் இருப்பது மலைப்பாதைகளின் இயல்பு.

ஆள் நிற்கும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் கவனியாதுவிடும் செய்தி அது. வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒருபோதும் நிற்கலாகாது என்பது எளிதில் விளங்கும். மலை இடப்புறம் இருந்தால் இடப்புறமே இறங்கி, அப்பக்கம் நின்று திருப்பத் தொடங்குவர். வண்டி பாதைக்குக் குறுக்கே வரும்வரை அது சரி. அதற்குமேலும் அதே பக்கத்தில் நின்று திருப்பினால், வண்டி முழுதும் திரும்பி முடியும்போது மலை வலப்புறமாகிவிடும். இடப்புறம் நிற்பவர் பள்ளத்தின் விளிம்பில் நிற்பார். ஆகவே வண்டி குறுக்கே நிற்கும்போதே ஆள் பக்கம் மாற வேண்டும். கியரிற் போட்டு, சைட் ஸ்ராண்டில் நிறுத்தி, மலைப்பக்கமாக, அதாவது முன் சில்லைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் வர வேண்டும். எஞ்சிய காற்பங்கு திருப்பத்தில் முகம் சரிவிலிருந்து பாதைக்கு இறங்கி வருவதால், வலக்கையால் முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கினாலே போதும்.

இருக்கையிலிருந்து எழுந்து நின்றபடி, கைப்பிடியை முழுதும் ஒடித்து, உடலை வெளிப்புறம் சாய்த்து ஒரே வட்டத்தில் திருப்பும் வித்தையும் உண்டு. பயிற்சி நிலங்களிற் பார்ப்பதற்கு அழகானது. அதற்கு வேண்டிய அகலம் இத்தகைய பாதையில் இல்லை.

சைட் ஸ்ராண்டையே அச்சாகக் கொண்டு சுழற்றும் முறை வேறு. ஸ்ராண்டை விரித்து, இடப்புறம் நின்று, ஒரு கை கைப்பிடியிலும் மறு கை பின்னிருக்கைப் பிடியிலுமாக வண்டியைத் தன்பால் இழுக்க, சில்லுகளின் பாரம் ஸ்ராண்டுக்கு மாறும். ஒரு சில்லாவது நிலத்தை விட்டு எழும். அந்நிலையிற் சிறு அடிகளாக நடந்து வண்டியைச் சுழற்றலாம். கடினமான சமதரையில் இது விரைவானது. மென்மண்ணில் ஸ்ராண்ட் புதையும். தட்டைக்கல்லொன்றை அடியில் வைக்க வேண்டும். எனினும் ஸ்ராண்ட் நின்ற வண்டியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதேயன்றி முறுக்கைத் தாங்குவதற்கன்று. அது பொருத்தப்பட்ட இடம் வெடித்துவிட்டால், நிறுத்தவும் முடியாத வண்டியோடு மலையிலிருந்து இறங்க வேண்டியதாகும். இலேசான வண்டிக்கே இம்முறை தகும் எனலாம்.

எதுவும் இயலாதபோது வண்டியைப் படுக்கவைத்துத் திருப்புவர். எஞ்சினை நிறுத்தி, மலைப்பக்கமாக மெல்லச் சாய்த்துக் கிடத்தினால், காப்புக் கம்பிகளின்மீது அது கிடக்கும். பின் சில்லைப் பற்றி இழுத்தால் முழு வண்டியும் தரையிற் சுழலும். தூக்குமுன் சில்லுகள் பள்ளத்தின் பக்கமும் இருக்கை மலையின் பக்கமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால், நிமிர்த்த வேண்டிய கோணம் கூடிவிடும். தூக்குவது கைகளால் அன்று. இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின் சட்டத்தையும் பற்றி, முதுகை வளைக்காமல் கால்களால் பின்னோக்கிச் சிறு அடிகள் வைத்து எழ வேண்டும். அதற்குமுன் கியரிற் போட்டிருந்தால் வண்டி உருளாது. 2,500 மீற்றர் உயரத்தில் இரண்டு முறை இப்படித் தூக்கியவருக்கு மூன்றாம் முறை தூக்க மூச்சு இராது. இளைப்பாறித் தண்ணீர் குடித்த பின்னரே தொடங்குதல் நன்று.

செங்குத்தான ஏற்றத்தின் நடுவே எஞ்சின் நின்றுவிடுவது இன்னொரு வகை. அப்போது கை தானாகவே கிளச்சை அழுத்தும். அழுத்தியவுடன் வண்டி பின்னே பாயும். கிளச்சைத் தொடாதிருந்தால், நின்றுபோன எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பின்பு கைப்பிடியை இடப்புறம் திருப்பி, கிளச்சைச் சிறிது சிறிதாக அழுத்தி உருளவிட்டால், வால் இடப்புறம் ஒதுங்கி, முகம் வலப்புறம் திரும்பும். வண்டி சரிவுக்குக் குறுக்கே நிற்கையில் மலை இடப்புறம் இருக்கும். இடக்காலை மேட்டில் ஊன்றிக்கொள்ளலாம். வலக்கால் பின் பிறேக்கை அழுத்த ஓய்வாகக் கிடைக்கும். மேட்டுப்புறமாகவே சாய்ந்திருக்க வேண்டும். பள்ளப்புறம் சாய்ந்தால் ஊன்றுவதற்குக் காலுக்கு நிலம் எட்டாது. அங்கிருந்து முகத்தை வலப்புறம் இறக்கி, முதலாம் கியரிலே, கிளச்சை முழுதும் விட்டு, எஞ்சின் பிடிக்கும் வேகத்தில் இறங்க வேண்டும்.

திருப்பிய வண்டியை உடனே ஓட்டிச் செல்லலாகாது. கிடத்தப்பட்டதாயின் எண்ணெய் கீழே இறங்கச் சில நிமிடம் வேண்டும். கிளச், பிறேக் கைகள் வளைந்தனவா, பெற்றோல் கசிகின்றதா என்றும் பார்க்க வேண்டும். பெட்டிகளை மாட்டும்போது மலைப்பக்கப் பெட்டியை முதலில் மாட்டுவது வழக்கம். பள்ளப்பக்கப் பெட்டியை, பாதை அகன்ற இடம் வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நடந்து வந்து எடுத்துச் சென்று மாட்டுவோரும் உளர்.