பழைய சொகுசு எஸ்யுவி வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை



நம் மஹல்லாவில் கார் வாங்குவது பற்றிய பேச்சு இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. புதிய மாருதி வாங்கலாமா, ஹூண்டாய் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள், அதே பணத்துக்குப் பழைய ஆடி க்யூ3, பிஎம்டபிள்யூ எக்ஸ்1, மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்ஏ, வோல்வோ எக்ஸ்சி40 கிடைக்கிறதே என்று விசாரிக்கின்றன. வெளிநாட்டில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்களிடம் இந்த ஆசை அதிகம். அளவில் சிறியது, தெருவுக்குள் நுழையும், பார்க்கவும் கம்பீரம். ஆசைப்படுவதில் தவறில்லை.

ஆனால் ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். குறைந்திருப்பது காரின் விலை மட்டும்தான். அதன் உதிரி பாகங்களின் விலை குறையவில்லை. புதிதாக 35 லட்சத்துக்கு விற்ற வண்டியை நீங்கள் 10 லட்சத்துக்கு வாங்கலாம். ஹெட்லைட் உடைந்தாலோ கியர்பாக்ஸ் பழுதானாலோ, வரும் பில் 35 லட்ச ரூபாய் காருக்கான பில்தான். கம்பெனி சர்வீஸ் சென்டரும் பெரும்பாலும் சென்னை, கோவை போன்ற பெரிய நகரங்களில்தான் இருக்கும். சிற்றூரில் வண்டி நின்றால் லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. வட்டிக் கடன் வேண்டாம் என்று நம்மில் பலர் முழுத் தொகையையும் சேமிப்பிலிருந்தே கொடுக்கிறோம். நல்ல முடிவுதான். ஆனால் வங்கிக் கடனில் வாங்கும்போது வண்டியின் ஆவணத்தையும் மதிப்பையும் வங்கியும் ஒரு முறை பார்க்கும். நம் சொந்தப் பணத்தில் வாங்கும்போது அப்படிப் பார்க்க யாரும் இல்லை. அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் ஆவணம், பிறகுதான் கார்

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே ஆர்.சி.யின் நகலை வாங்குங்கள். மத்திய அரசின் பரிவாகன் தளத்திலும் எம்பரிவாகன் செயலியிலும் வண்டி எண்ணைப் போட்டால், பதிவு நாள், எரிபொருள் வகை, காப்பீடு முடியும் நாள், வண்டி மேல் கடன் உள்ளதா என்ற விவரங்கள் வரும். நிலுவையில் உள்ள போக்குவரத்து அபராதங்களையும் அங்கே பார்க்கலாம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள்.

வண்டி மேல் கடன் இருந்திருந்தால், "அதெல்லாம் கட்டி முடித்தாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயர் நீங்க வேண்டும்.

விற்பவர்தான் ஆர்.சி.யில் உள்ள உரிமையாளரா என்று பாருங்கள். படிவம் 29, 30-ல் முந்தைய உரிமையாளரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டியைக் கைமாற்றி விற்கும் பழக்கம் நிறைய இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் பழைய உரிமையாளர் காணாமல் போனாலோ இறந்துவிட்டாலோ உங்கள் பெயருக்கு மாற்றுவது பெரும்பாடு. டீலரிடம் வாங்குகிறீர்கள் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்கும் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி உள்ளது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

பதிவு முடியும் நாளையும் கவனியுங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன் பின் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். எக்ஸ்1 நம் நாட்டுக்கு வந்தது 2010 இறுதியில், க்யூ3 2012-ல், ஜிஎல்ஏ 2014-ல், எக்ஸ்சி40 2018-ல். விலை மிகக் குறைவாகச் சொல்லப்படும் வண்டிகளில் பல, அந்த 15 ஆண்டை நெருங்கியவை.

டெல்லி வண்டி ஏன் மலிவு?

டெல்லி பதிவெண் கொண்ட டீசல் சொகுசு கார்கள் நம் பக்கம் நிறைய வருகின்றன. காரணம் இதுதான். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2018-ல் அதை நிலைநிறுத்தியது. அதனால் பத்து ஆண்டை நெருங்கும் டீசல் கார்களை அங்கே உள்ளவர்கள் கிடைத்த விலைக்கு விற்றார்கள்.

வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். அந்த மாநிலத்துத் தடையில்லாச் சான்று படிவம் 28-ல் வேண்டும். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். தமிழ்நாட்டில் வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். அந்த வரியை நீங்கள் கொடுத்த விலையை வைத்துப் போடமாட்டார்கள். வண்டியின் அசல் விலையையும் வயதையும் பார்த்துப் போடுவார்கள். எவ்வளவு வரும் என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். அதைச் சேர்த்த பிறகும் மலிவாகத் தெரிந்தால் மட்டும் பேசுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015-ல் சென்னை, 2018-ல் கேரளம், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் மக்கள் மறந்திருக்க முடியாது. அந்த வெள்ளங்களில் நின்ற கார்களில் பல, சுத்தம் செய்யப்பட்டுச் சந்தைக்கு வந்திருக்கின்றன.

சாதாரண காரை விட சொகுசு காருக்கு வெள்ளம் பெரிய எதிரி. இவற்றில் சீட்டுக்கு அடியிலும் தரைவிரிப்புக்கு அடியிலும் ஒயர்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் ஓடுகின்றன. தண்ணீர் பட்ட ஒயர் இணைப்பு அன்றே கெடாது. பச்சை பூத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஒவ்வொன்றாகத் தகராறு செய்யும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்; அடியில் மண் கறை இருக்கிறதா? சீட்டை முன்னே தள்ளி, அதன் தண்டவாளத்தில் துரு உள்ளதா என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைத் திறந்து பாருங்கள். விரிப்பின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். உள்ளே ஏறியதும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், எதை மறைக்க அடித்தார்கள் என்று யோசியுங்கள்.

மீட்டர் சொல்வது மட்டும் போதாது

கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது இன்று ஒரு லேப்டாப் வேலை. எனவே மீட்டருக்கு வெளியே சாட்சி தேடுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் விவரம் கேளுங்கள். உரிமையாளர் உடன் வந்தாலோ அனுமதி கொடுத்தாலோ எளிதாகும். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது என்பது அதில் தெரியும். சர்வீஸ் விவரம் எதுவுமே இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. மீட்டர் 25 ஆயிரம் காட்ட, டயரோ இரண்டாவது செட் என்றால் கேள்வி கேளுங்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், ஓட்டுநர் சீட்டின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானமும் மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும்.

விபத்து நடந்ததா என்று அறிய பழைய காப்பீட்டுப் பாலிசி உதவும். க்ளெய்ம் எடுக்காத உரிமையாளருக்கு ஆண்டுதோறும் நோ க்ளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 சதவீதம் வரை ஏறும். ஒரே உரிமையாளர் ஆறு வருடம் வைத்திருந்த வண்டிக்கு அந்தப் போனஸ் பூஜ்யம் என்றால், க்ளெய்ம் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம், என்னவென்று கேளுங்கள். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் பாலிசியும் இருப்பதால், போனஸ் இருப்பதை மட்டும் வைத்து விபத்தே இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். கண்ணாடிகளின் மூலையில் உள்ள தயாரிப்புக் குறியீடுகளில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அதையும் கேளுங்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும்

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினின் சத்தத்தை நீங்கள் கேட்க முடியாது. அடுத்த நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

பழைய எக்ஸ்1 டீசலில் வந்த என்47 இன்ஜினின் டைமிங் செயின் தேய்வது பலரும் அறிந்த குறை. அந்தச் செயின் கியர்பாக்ஸ் பக்கமாக, இன்ஜினின் பின்புறத்தில் இருப்பதால் அதை மாற்றுவது பெரிய வேலை. பின்பக்கத்திலிருந்து செயின் உரசும் சத்தம் வந்தால் அந்த வண்டி வேண்டாம். பழைய க்யூ3 டீசல் என்றால் இன்னொரு கேள்வி. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன் குழுமம் புகை விவகாரத்தில் இந்தியாவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. ஆடி கார்களும் அதில் இருந்தன. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அந்த வேலை நடந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

க்யூ3, ஜிஎல்ஏ ஆட்டோமேட்டிக்கில் இருப்பது இரட்டை க்ளட்ச் கியர்பாக்ஸ். க்யூ3-ல் இதன் ஆயிலை 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றிய பில் இருக்கிறதா? ஓட்டிப் பார்க்கும்போது நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். உதறலோ, தாமதமோ, இடிப்பதோ இருந்தால் கியர்பாக்ஸ் செலவு காத்திருக்கிறது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலையில் சூடாக ஓட வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, கடைத்தெரு என்று தினம் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வீட்டுக்கு பெட்ரோல் வண்டிதான் பொருத்தம்.

ஸ்கேனர் போடாமல் முடிவு வேண்டாம்

இந்தக் கார்களின் நோயை நாடி பார்த்துச் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் ஸ்கேன் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக் மாருதியில் கெட்டிக்காரராக இருக்கலாம். இதற்கு அந்த பிராண்டில் வேலை பார்த்தவரையோ கம்பெனி சர்வீஸ் சென்டரையோ அணுகுங்கள். சில ஆயிரம் செலவாகும். லட்சங்களைக் காக்கும் செலவு அது. பழுதுக் குறியீடுகளை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுபவர்களும் உண்டு. அழித்த பின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல ஸ்கேனர்கள் காட்டும், அதைக் கேளுங்கள்.

சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் குறையை மறைத்திருக்கலாம். சன்ரூஃப், கண்ணாடிகள், ஏசி, கேமரா, எல்லா பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள். இரண்டு சாவியும் தருகிறார்களா என்று கேளுங்கள். இவற்றுக்குப் புதுச் சாவி செய்வது பெரிய செலவு.

வீட்டாரையும் அழைத்துப் போங்கள். இவை ஐந்து பேருக்கான வண்டிகள். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் என்றால் நெருக்கம்தான். வாப்பாவும் உம்மாவும் சிரமமில்லாமல் ஏறி இறங்க முடிகிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

பணம் கொடுக்கும்போது

இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகவே, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் குறியுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். உங்கள் பழைய காரை விற்கிறீர்கள் என்றாலும் இதில் கவனம் தேவை. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கடைசியாக ஒரு கணக்கு. உங்களிடம் 10 லட்சம் இருந்தால் 10 லட்சத்துக்குக் கார் பார்க்காதீர்கள். எட்டு லட்சத்துக்குள் பாருங்கள். மீதி, பெயர் மாற்றம், காப்பீடு, டயர், பேட்டரி, முதல் பெரிய சர்வீஸ், எதிர்பாராத ஒரு பழுது ஆகியவற்றுக்கு. அந்த இரண்டு லட்சத்தை ஒதுக்கி வைக்க முடியாது என்றால், புதிய சின்னக் கார்தான் இப்போதைக்கு உங்கள் வீட்டுக்கு ஏற்றது.

"இன்றே அட்வான்ஸ் போடாவிட்டால் வேறு ஆள் கொண்டுபோய்விடுவார்" என்று சொல்வார்கள். கொண்டு போகட்டும். இந்த நான்கு மாடல்களும் சந்தையில் நிறைய இருக்கின்றன. மேலே சொன்னவற்றில் ஒரு கேள்விக்காவது ஆவணத்தோடு பதில் வரவில்லை என்றால், அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.